அரைப்பேர்

கொழுந்து பதினாறு கிலோவுக்குக் குறைந்தால்
செக்ரோலில் அரைப்பேர்.
அரைநாள் சம்பளம், முழுநாள் அட்டைக்கடி.
நான் சன்னாசிக்கு வாக்கப்பட்டதும் அப்படித்தான்.
காத்தாயி முழுப்பேர்.
அவளுக்குப் பிள்ளை நிற்காததால் நான் அரை.

பேரில் மட்டும் சன்னாசி என்று
ஐந்தாம் நம்பர் மலையே சிரித்தது.

பொகவந்தலாவையில், மேல்கணக்கில்,
ஒரே காம்பரா, இரண்டு அடுப்பு.
முதல் வருஷம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
இரண்டாம் வருஷம் உப்புக் கேட்டாள்.
என் மூத்தவனுக்குத் தொப்புள்கொடி அறுத்தவள் அவள்.
"அம்மா" என்று அவன் முதலில் சொன்னது
அவளைப் பார்த்துத்தான்.
எனக்கு வலித்தது. சொல்லவில்லை.

சாராயத்தை விட்டுவிட்டு
ஒரு ஜெபக்கூட்டத்திலிருந்து அழுதுகொண்டே வந்தார் சன்னாசி.
சாமிப்படத்தைக் கழற்றும்போது காத்தாயி கேட்டாள்:
"கதிர்காமத்தாருக்கும் ரெண்டு பேருதானே,
அவரு நம்மள ஒண்ணும் கேக்கலையே?"
படம் இருந்த இடத்தில்
புகை ஏறாமல் ஒரு சதுரம் வெளுத்துக் கிடந்தது.
இன்னும் கிடக்கிறது.

குலசிங்கம் போதகர் யாழ்ப்பாணத்துக்காரர்,
குரல் உயர்த்தத் தெரியாதவர்.
பெண்கள் இருவரும் தண்ணீரில் இறங்கலாம் என்றார்,
அவர்கள்மேல் குற்றமில்லை.
புருஷன் மட்டும் ஒருத்தியை விட்டுவிட்டு வரவேண்டும்.
கண்காணிக்கு ஒரு மனைவிதான் இருக்கலாமென்று
வேதத்தில் எழுதியிருக்கிறதாம்.

நான் கேட்டேன்:
"ஐயா, எங்க கங்காணிக்கு மூணு வீடு,
அவருகிட்ட யாரு போய்ச் சொல்றது?
இவரு கங்காணி இல்ல, கான் வெட்டுறவரு.
கான் வெட்டுறவனுக்கு என்ன எழுதியிருக்கு?"

போதகர் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்.
வேதத்தை மூடி, விரலை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு
வெகுநேரம் மழையைப் பார்த்தார்.
"விடுறதுன்னா எந்த ஊருக்கு?" என்றாள் காத்தாயி.
"இவளுக்கு வேற லயம் இல்ல.
எனக்குத் தாய்வீடே கப்பலேறிப் போயிருச்சு."
அவரிடம் சட்டம்தான் இருந்தது.

கெசல்கமு ஓயாவில், தை மாதக் குளிரில்
இரண்டு பேரும் முங்கி எழுந்தோம்.
அவள் ரெபேக்காள் ஆனாள், நான் தொர்க்காள்.
பல் அடித்துக்கொள்ள, கைகோர்த்துக் கரையேறினால்
உலர்ந்த சேலை இரண்டையும் நெஞ்சோடு அணைத்தபடி
சன்னாசி நிற்கிறார்,
எங்களை அந்தத் தண்ணீர்வரைக்கும் கூட்டிவந்தவர்.
கால்கூட நனையவில்லை.

பதினொரு வருஷம், ஞாயிறுதோறும்
கோயில் படியில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டார்.
அப்பம் வெளியே வராது.
ஒருமுறை ஒரு துண்டுப் பாணை முந்தானையில் முடிந்து
கொண்டுவந்து நீட்டினேன்.
"களவு" என்றார்.
கோழிக்குப் போட மனம் வரவில்லை,
வாசலில் நின்று நானே தின்றேன்.

காத்தாயி மார்ச்சளியில் போனாள்.
குழிமேல் மண் காயவில்லை. எட்டாம் நாள்
போதகர் வந்து குடையை மடக்கினார்.
"சன்னாசி, இனித் தடை ஒண்டும் இல்லை."
அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.
அதை மறைக்கக்கூடாது.

"ஒருத்தி செத்த கூலிக்கா ஐயா எனக்குத் தண்ணி?
நான் இன்னும் ரெண்டு பேருக்குப் புருஷன்தான்."
மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு
இறங்கிப் போனார்.
மூன்றாம் நம்பரில் கான் உடைத்துக்கொண்டு
செடி வேரோடு போய்க்கொண்டிருந்தது.

சபைப் பதிவேட்டில் என் பேருக்கு நேரே
பென்சிலில் ஏதோ எழுதியிருந்தது.
அந்த மாதம் அதை அழித்துவிட்டு
மையால் எழுதினார்கள்: மனைவி.

முழுப்பேர்.
அன்றைக்கு நான் பறித்தது ஒன்பது கிலோ.